பல்லாவரத்துப் பாறையிலிருந்து ஆல்ப்ஸ் பாதாளம் வரை: சுண்ணாம்புக் குகைகளுக்குள் இறங்க விரும்பும் புதியவர்களுக்கு

சென்னையில் நம் காலடியில் கிடக்கும் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல்லும் கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் ஒரே வகை என்பதால், 1893இல் ஹாலந்து என்ற நிலவியலாளர் அந்தப் பெயரை இட்டார். இந்தப் பாறை மழைநீரில் எளிதில் கரைவதில்லை. அதனால்தான் நம் பக்கத்தில் குகை என்றதும் சமணர் படுக்கையோ சித்தர் தவமிருந்த பாறை இடுக்கோ நினைவுக்கு வருகிறதே தவிர, கிலோமீட்டர் கணக்கில் பூமிக்குள் இறங்கிச் செல்லும் பாதாளம் நினைவுக்கு வருவதில்லை. அத்தகைய பாதாளங்கள் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை உள்ள மலைகளில் உண்டாகின்றன. மிக ஆழமானவற்றுள் பல ஆல்ப்ஸ் மலைத்தொடரிலும் காகசஸ் மலைகளிலும் இருக்கின்றன.

அவற்றுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு என்னிடம் பேசும் சென்னை இளைஞர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, எந்தக் கயிறு வாங்கலாம் என்பதுதான். கயிறு மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வர வேண்டிய பொருள். அதற்கு முன் செய்ய வேண்டியவற்றையும் பின் செய்ய வேண்டியவற்றையும் வரிசைப்படுத்திச் சொல்லவே இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: குகையிலிருந்து உயிரோடு திரும்ப உதவும் பழக்கங்களும், குகையைச் சிதைக்காமல் காக்கும் பழக்கங்களும் பெரும்பாலும் ஒன்றேதான். ஆகவே முதலில் இறங்கக் கற்றுக்கொள்வோம், குகைப் பாதுகாப்பைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று பிரித்துக் கற்பவர்கள் இரண்டையுமே அரைகுறையாகக் கற்கிறார்கள்.

முதல் வேலை: ஒரு டம்ளர் சுண்ணாம்புத் தண்ணீர்

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைச் சுண்டைக்காய் அளவு எடுத்து ஒரு டம்ளர் நீரில் கரைத்து, ஓர் இரவு தெளிய விடுங்கள். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் வேறொரு கண்ணாடி டம்ளரில் இறுத்து, அதே அளவு காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்து, உறிஞ்சுகுழல் வழியாக மெதுவாக ஊதுங்கள். தவறியும் உறிஞ்சிவிடாதீர்கள், கண்ணிலும் படக்கூடாது. சற்று நேரத்தில் நீர் பால் போல வெளுக்கும். உங்கள் மூச்சில் உள்ள கரியமில வாயு கரைந்திருந்த சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக்கல்லாக மாறுகிறது. இது பள்ளியில் எல்லோரும் பார்த்தது. பலர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். நீங்கள் விடாமல் பல நிமிடங்கள் ஊதினால் வெளுத்த நீர் மறுபடியும் தெளியத் தொடங்கும். கூடுதலாகச் சேர்ந்த வாயு நீரை இலேசான அமிலமாக்கி, உண்டான சுண்ணாம்புக்கல்லையே கரைத்துவிடுகிறது. தெளிந்த நீரைக் கொதிக்க வைத்தால் வாயு வெளியேறி மீண்டும் வெளுக்கும்.

குகையின் கதை முழுவதும் இந்த இரண்டாம் மூன்றாம் கட்டங்களில் அடங்கியிருக்கிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு பாறை வெடிப்புகளில் இறங்கும்போது சுண்ணாம்பைக் கரைத்து வழி உண்டாக்குகிறது. அதே நீர் குகையின் கூரையில் வந்து துளியாகத் தொங்கும்போது வாயுவை இழந்து, கரைத்ததில் ஒரு துணுக்கைப் படியவிட்டு விழுகிறது. கூரையில் வளர்வது கல்விழுது, தரையில் எழுவது கல்முளை. போர் தண்ணீர் பிடிக்கும் சென்னை வீடுகளில் வாட்டர் ஹீட்டர் கம்பியில் ஏறும் வெள்ளைப் பொருக்கும் பெரும்பாலும் இதே கால்சியம் கார்பனேட்தான். வேறுபாடு காலத்தில் இருக்கிறது. நம் ஹீட்டரில் சில மாதங்களில் ஏறும் அளவுக்குக் குகையில் படிவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்பது கல்விழுதுகளுக்குச் சாதாரணமான வளர்ச்சி.

முதன்முதலில் ஓர் இளம் கல்விழுதை அருகில் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. உறிஞ்சுகுழல் அளவே தடிமன், உள்ளே வெற்றுத் துளை, விளக்கை மறுபுறம் பிடித்தால் ஒளி ஊடுருவுகிற அளவுக்கு மெல்லிய சுவர். நுனியில் ஒரு துளி நீர் அசையாமல் நின்றது. அந்தத் துளியைச் சுற்றி வளையமாகப் படியும் சுண்ணாம்புதான் அதன் அடுத்த வளர்ச்சி. தோளில் மாட்டிய பை திரும்பும்போது உரசினால் போதும், நூறு ஆண்டு வளர்ச்சி உடைந்து விழும். குகைக்குள் முதுகைத் திருப்பும் முன் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றுதான் வந்தது.

இரண்டாவது: ஆழத்தின் அளவைப் புரிந்துகொள்ளுதல்

ஆல்ப்ஸ் குகைகள் பெரும்பாலும் மலையின் மேற்பகுதியில் திறந்து, கிணறு கிணறாகக் கீழே இறங்குகின்றன. பிரான்ஸின் வெர்கோர் பகுதியில் 1953இல் கண்டறியப்பட்ட பெர்ஜே குகையில், 1956இல் மனிதர்கள் முதன்முறையாக 1,000 மீட்டர் ஆழத்தைத் தாண்டினார்கள். இன்று காகசஸில் உள்ள வெரியோவ்கினா 2,200 மீட்டருக்கும் மேல் அளக்கப்பட்டிருக்கிறது. சுலோவீனியாவின் கனின் மலையில் உள்ள ஒரு குகையில் எங்கும் கால் படாமல் நேராக 603 மீட்டர் இறங்கும் ஒரே கிணறு இருக்கிறது. அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தைப் போல் பதினொன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அதன் வாயை எட்டாது.

ஆழத்தைவிட முக்கியமானவை குளிரும் நீரும். குகையின் வெப்பநிலை ஏறத்தாழ அந்த இடத்தின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். உயர்ந்த ஆல்ப்ஸ் பகுதியில் அது பூச்சியம் முதல் ஐந்து டிகிரி வரை. காற்றின் ஈரப்பதமோ ஏறக்குறைய நூறு சதவீதம். கோடையிலும் மாற்றமில்லை.

நீரைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்கு எளிதில் விளங்கும்படி சொல்லலாம். மாம்பலத்துச் சுரங்கப்பாதைக்கு மேலே மழை விட்ட பிறகும், மற்ற தெருக்களில் பெய்த நீர் வந்து சேர்ந்து அது நிரம்புவதைப் பார்த்திருக்கிறோம். சுண்ணாம்பு மலையும் அப்படித்தான்: மேலே எங்கோ பெய்த இடிமழை, எல்லா வெடிப்புகளிலிருந்தும் சேர்ந்து சில மணி நேரத்தில் நீங்கள் நிற்கும் கிணற்றுக்குள் அருவியாக விழும். 2018 செப்டம்பரில் வெரியோவ்கினாவின் அடியில் இருந்த குழுவினர் வெள்ளம் துரத்தத் துரத்த மேலேறி உயிர் தப்பினார்கள். அதே ஆண்டு தாய்லாந்துக் குகையில் பன்னிரண்டு சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் சிக்கியதை நாமெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

இதே நீர்தான் மலையடிவாரத்தில் ஊற்றாக வெளிவருகிறது. வியன்னா நகரின் குடிநீரில் பெரும்பகுதி, 1873இலும் 1910இலும் திறக்கப்பட்ட இரண்டு நீண்ட குழாய்த் தடங்கள் வழியாக ஆல்ப்ஸின் சுண்ணாம்பு மலை ஊற்றுகளிலிருந்து வருகிறது. மணலில் ஊறி வரும் நீரை மணல் வடிகட்டும். குகை வழியாக ஓடும் நீருக்கு அப்படிப்பட்ட வடிகட்டி இல்லை. கிணற்றில் நழுவவிட்ட ஒரு பேட்டரியோ, மூலையில் கழித்த மலமோ, எவருடைய குடத்திலோ போய்ச் சேரக்கூடும். 2019 கோடையில் தெருவில் லாரிக்குக் காத்திருந்த ஊர்க்காரர்களுக்கு ஊற்று நீரின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது: பேலம் வரை ஒரு ரயில் பயணம்

சென்னையிலிருந்து மும்பை செல்லும் ரயில் பாதையில் ஆந்திரத்தின் தாடிபத்ரியில் இறங்கினால், பேலம் குகைகள் சாலை வழியாக ஏறத்தாழ முப்பது கிலோமீட்டரில் இருக்கின்றன. 1884இல் இவற்றைப் பதிவு செய்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863இல் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த அதே மனிதர்தான். 1982, 1983ஆம் ஆண்டுகளில் ஜெர்மானியக் குழு ஒன்று இவற்றை விரிவாக அளந்தது. 3,229 மீட்டர் நீளத்தில் ஏறத்தாழ பாதி தூரம் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது.

உள்ளே புழுக்கம் கடுமையாக இருக்கும் என்பதால் ஆல்ப்ஸுக்கு இது ஒத்திகை ஆகாது. ஆனாலும் கண்ணைப் பழக்க இதைவிட நல்ல இடம் நமக்குப் பக்கத்தில் இல்லை. நீர் எந்தத் திசையில் ஓடியது என்பதைச் சுவரின் குழிவுகளிலிருந்து ஊகித்துப் பாருங்கள். எந்தச் சுற்றுலாக் குகையிலும் கை எட்டும் உயரத்தில் உள்ள படிவுகள் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்திருப்பதையும், கை எட்டாதவை வெண்மை மாறாமல் இருப்பதையும் ஒப்பிடுங்கள். தோலின் பிசுக்கு படிந்த இடத்தில் புதிய சுண்ணாம்பு சரியாக ஒட்டுவதில்லை. மூச்சும் தீங்கு செய்யும்: பிரான்ஸின் லாஸ்கோ குகை ஓவியங்கள் பதினேழாயிரம் ஆண்டுகள் அளவுக்கு நிலைத்திருந்து, பார்வையாளர்களின் மூச்சாலும் அவர்களோடு வந்த பாசியாலும் பதினைந்தே ஆண்டுகளில் கெடத் தொடங்கியதால், 1963இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டன.

நான்காவது: கயிறு

ஆழ்குகைகளில் ஒற்றைக் கயிற்று முறை என்பதையே பின்பற்றுகிறார்கள். ஒரே கயிற்றில் டிசெண்டர் என்னும் கருவியால் இறங்கி, மார்பிலும் கையிலும் பொருத்திய இரண்டு அசெண்டர்களால் ஏறி வருவதே இந்த முறை. இதற்கான கயிறு அதிகம் நீளாத, ஸ்டாடிக் வகைக் கயிறு. தடிமன் பெரும்பாலும் ஒன்பது முதல் பதினொரு மில்லிமீட்டர். சென்னையில் உள்ள செயற்கைச் சுவரேற்றக் கூடங்களில் இருப்பவை பெரும்பாலும் விழுபவரைத் தாங்குவதற்காக இழுபடும் டைனமிக் கயிறுகள். அவற்றில் ஏறிப் பழகினால் ஊஞ்சலாடுவதே மிஞ்சும். கூடத்தாரிடம் கேட்டு, தனியாக ஒரு ஸ்டாடிக் கயிற்றைத் தொங்கவிட அனுமதி பெறுங்கள். கற்றுத்தரத் தெரிந்தவர் ஒருவர் அருகில் இல்லாமல் இந்தப் பயிற்சியைத் தொடங்கவே கூடாது. காணொளி பார்த்து மொட்டை மாடியில் தொங்குவது தற்கொலைக்குச் சமம். வடக்கே உத்தரகாசி போன்ற இடங்களில் உள்ள மலையேற்றக் கல்வி நிலையங்களின் ஏறத்தாழ நான்கு வார அடிப்படைப் பயிற்சி, கயிற்றோடு உயரத்தையும் குளிரையும் பழக்கிவிடும்.

பயிற்சியை இரண்டு மீட்டர் உயரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது நின்று டிசெண்டரைப் பூட்டுவது, நடுவழியில் இறக்கத்திலிருந்து ஏற்றத்துக்கு மாறுவது, முடிச்சைத் தாண்டுவது, கயிற்றின் அடி நுனியில் தடை முடிச்சு இருக்கிறதா என்று இறங்கும் முன் உறுதிசெய்வது ஆகியவை யோசிக்காமல் கை செய்யும் அளவுக்குப் பழக வேண்டும். இவற்றுள் அதிக நாள் பிடிப்பது இடைக்கட்டைத் தாண்டுவது. நீண்ட கயிறு பாறை விளிம்பில் உரசினால், ஏறுபவரின் ஒவ்வொரு எட்டுக்கும் அந்த ஒரே இடம் அறுபட்டுக்கொண்டே இருக்கும்; அதைத் தவிர்க்கவே வழியில் போல்ட் அடித்துக் கயிற்றை மறுபடியும் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அந்தக் கட்டை அடையும்போது ஒரு கயிற்றிலிருந்து கழன்று அடுத்ததில் ஏற வேண்டும். எந்த நொடியிலும் இரண்டு இணைப்புகள் இருக்க வேண்டும் என்பதே அப்போதைய விதி.

என் முதல் பயிற்சியில், இடுப்பிலிருந்து தொங்கும் இணைப்புக் கயிறான லேன்யார்டைப் போல்டில் மாட்டாமலேயே மார்பு அசெண்டரின் பல்லைத் திறக்கப் போனேன். பயிற்றுநர் எதுவும் சொல்லாமல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நானே பார்த்துத் தெரிந்துகொள்ளும்வரை விடவில்லை. தரை ஒன்றரை மீட்டர் கீழேதான் இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் மாட்டியதை விரலால் தொட்டு, கொக்கி மூடும் 'டிக்' ஓசையைக் கேட்ட பிறகே அடுத்த அசைவு என்று பழகிக்கொண்டேன். இது வந்ததும் விளக்கை அணைத்துவிட்டுச் செய்து பாருங்கள்.

இன்னொன்றையும் விடாமல் கற்க வேண்டும். மயங்கியோ களைத்தோ ஹார்னஸில், அதாவது உடலைக் கயிற்றோடு இணைக்கும் வார்ப்பட்டையில், அசையாமல் தொங்குபவர் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போகலாம். அவரை அடைந்து, உங்களோடு இணைத்து, கீழே இறக்கும் பயிற்சி குழுவில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

உடல் வலுவுக்கு, பரங்கிமலைப் படிகளிலோ திருக்கழுக்குன்றத்துப் படிகளிலோ விடியற்காலையில் பத்துக் கிலோ பையோடு ஏறி இறங்குங்கள். அது போதும்.

உடையும் விளக்கும்

நம் ஊரில் பருத்தியைப் போல் உடலுக்கு இதமான துணி இல்லை. ஆல்ப்ஸ் குகையில் அதை உள்ளாடையாகக்கூட அணியக்கூடாது. நனைந்த பருத்தி உலராமல் உடற்சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, மேலே நீர் புகாத ஒற்றை மேலுடை, காலில் ரப்பர் பூட்ஸ், கையில் கையுறை. விளக்குகள் மூன்று: ஹெல்மெட்டில் பொருத்தியது ஒன்று, தனித்தனி பேட்டரியோடு மாற்று இரண்டு. குளிரில் பேட்டரியின் திறன் குறையும் என்பதைக் கணக்கில் வையுங்கள். ஜனவரியில் ஊட்டியில் ஓர் அதிகாலை நனைந்த உடையோடு அரைமணி நேரம் நின்று பார்த்தால், உடல் நடுங்கத் தொடங்குவதும் விரல்கள் கொக்கியைத் திறக்க மறுப்பதும் எப்படி இருக்கும் என்று தெரியும். பக்கத்தில் மாற்றுடையும் சூடான தேநீரும் ஒரு துணையும் இருக்கட்டும்.

ஐந்தாவது: மேகாலயா

பேலத்திலிருந்து நேராக ஆல்ப்ஸுக்குத் தாவாதீர்கள். மேகாலயாவில் குகையைக் 'கிரெம்' என்பார்கள். ஜெயின்டியா மலையின் கிரெம் லியாட் ப்ரா முப்பது கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. 1992 முதல் உள்ளூர் அமைப்பினரும் வெளிநாட்டுக் குகையாய்வாளர்களும் சேர்ந்து, மழையில்லாத மாதங்களில் அங்குள்ள குகைகளை அளந்து வருகிறார்கள். டிசம்பர் முதல் மார்ச் வரைதான் ஏற்ற காலம். நிலம் பெரும்பாலும் ஊராருடையது. ஊர்த் தலைவரைப் பார்த்து அனுமதி கேட்காமல் எந்த வாயிலிலும் நுழையக்கூடாது.

ஒரு கல்முளை என்னவெல்லாம் வைத்திருக்கும் என்பதற்கும் மேகாலயாவே சான்று. மவ்ம்லு குகையிலிருந்து எடுத்த கல்முளையின் அடுக்குகளில், 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை பொய்த்ததன் அடையாளம் பதிந்திருக்கிறது. அதை வைத்தே 2018இல் உலக நிலவியலாளர்கள் நாம் வாழும் காலக்கட்டத்துக்கு 'மேகாலயன்' என்று பெயரிட்டார்கள். அதே மாநிலத்தில் சுண்ணாம்புக்கல் சிமென்ட்டுக்காக வெட்டப்படுகிறது. அரியலூர்ப் பக்கத்து அகழிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல.

ஆறாவது: ஆல்ப்ஸ்

தனியாகவோ நண்பர்களோடு மட்டுமோ போகாமல், அந்தப் பகுதியின் குகைச் சங்கம் ஒன்றோடு சேர்ந்தே போக வேண்டும். எந்தக் குகை எப்போது வௌவால்களின் குளிர்கால உறக்கத்துக்காக மூடப்படும், எதற்கு அனுமதி வேண்டும், எங்கே போல்ட்கள் பழுதடைந்துள்ளன என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். சுலோவீனியாவில் 2004 முதல் குகைப் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. சங்கத்துக்கு முதலில் எழுதும்போது நீங்கள் எத்தனை மீட்டர் கயிற்றில் ஏறியிருக்கிறீர்கள், எந்தக் குகைகளில் எத்தனை மணி நேரம் இருந்திருக்கிறீர்கள் என்பதை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். கூட்டிச் சொன்னால் முதல் கிணற்றிலேயே தெரிந்துவிடும்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். ஆனால் சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல, குகை இறக்கத்தையும் கயிற்று ஏற்றத்தையும் விலக்கியே வைத்திருக்கும். பாலிசியின் சிறிய எழுத்துகளைப் படித்துவிட்டு, குகை மீட்பை வெளிப்படையாக உள்ளடக்கிய காப்பீட்டைத் தனியாக எடுங்கள்.

குழுவில் குறைந்தது நான்கு பேர். ஒருவர் அடிபட்டால் ஒருவர் அவரோடு இருக்க, இருவர் சேர்ந்து மேலேறலாம். வெளியே ஒருவரிடம் எந்தக் குகை, எத்தனை பேர், எந்த மணிக்குள் திரும்பாவிட்டால் மீட்புக் குழுவை அழைப்பது என்று எழுதிக் கொடுத்துவிட்டே இறங்க வேண்டும். வானிலை அறிக்கையில் இடிமழை என்று இருந்தால் அன்று இறக்கம் இல்லை. விமானச் சீட்டுக்குப் போட்ட பணத்தை அந்த முடிவில் நுழைய விடாதீர்கள்.

2014 ஜூனில் ஜெர்மனி-ஆஸ்திரியா எல்லையில் உள்ள ரீசெண்டிங் குகையில், ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில், தேர்ந்த ஆய்வாளர் ஒருவரின் தலையில் கல் விழுந்தது. உடன் சென்றவர் மேலேறி வந்து செய்தி சொல்லவே அரை நாள் ஆயிற்று. பல நாடுகளைச் சேர்ந்த எழுநூறுக்கும் மேற்பட்டோர் உழைத்துப் பதினோரு நாட்களுக்குப் பிறகு அவரை உயிரோடு வெளியே கொண்டுவந்தார்கள். மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்த பேருதவிகளில் ஒன்றாக அதை நான் மதிக்கிறேன். அதே சமயம் அத்தகைய மீட்பில் எத்தனை போல்ட்கள் அடிக்கப்பட வேண்டும், எத்தனை கால்கள் நடக்க வேண்டும் என்றும் எண்ணிப் பாருங்கள். விபத்தில் சிக்காமல் திரும்புவது குகைக்கும் நாம் செய்யும் பாதுகாப்பு என்று நான் சொல்வது இதனால்தான்.

உள்ளே இருக்கும்போது

முன்னால் போனவரின் காலடியிலேயே நடங்கள். ஒரே தடம் சேறானால் மற்ற தரை தப்பும். நாடா கட்டி ஒதுக்கிய பகுதிக்குள் படம் எடுப்பதற்காகக்கூட நுழையாதீர்கள். உணவுத் துணுக்கு முதல் மலம் வரை எல்லாவற்றையும் மூடிய பையிலும் பாட்டிலிலும் மேலே கொண்டுவர வேண்டும். உறங்கும் வௌவால் மீது விளக்கைக் காட்டக்கூடாது. குளிர்காலத்தில் ஒவ்வொரு விழிப்பும் அது சேர்த்து வைத்த கொழுப்பைத் தின்றுவிடும்.

புதியவரும் உடனே பயன்படக்கூடிய வேலை அளவெடுப்பு. லேசர் அளவியும் திசைகாட்டியும் சாய்வுமானியும் கொண்டு ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்குத் தூரம், திசை, சாய்வு மூன்றையும் குறித்துக்கொண்டே போவார்கள். ஒருவர் அருகிலிருந்து வரைவார். 1802இல் லாம்டன் பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்து இந்திய முக்கோணவியல் நில அளவையைத் தொடங்கியபோது காட்டிய அதே பொறுமைதான் இங்கேயும் வேண்டும். வரைபடம் இல்லாத குகைக்காக யாரும் வாதாட முடியாது. மேலே சாலையோ சுரங்கமோ வரும்போது, அதன் அடியில் எந்த நீர் எங்கே ஓடுகிறது என்று காட்ட அந்தத் தாள் ஒன்றே சான்று. ஆகவே அளவுகளைச் சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டே விமானம் ஏறுங்கள்.

வீடு திரும்பிய பின்

வட அமெரிக்காவில் 2006 முதல் லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்ற வெண்மூக்கு நோயின் பூஞ்சை, ஐரோப்பியக் குகைகளில் இயல்பாகவே இருக்கிறது. அங்குள்ள வௌவால்கள் அதைத் தாங்கிக்கொள்கின்றன. மேகாலயாவில் உள்ளவை தாங்குமா என்பதை நம் பூட்ஸை வைத்துச் சோதிக்கக்கூடாது. சேற்றை அங்கேயே கழுவுங்கள். வீட்டுக்கு வந்ததும் உடைகளை 55 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் இருபது நிமிடம் முழுவதும் அமிழ்த்தி வையுங்கள். பல கயிறுகளும் ஹார்னஸ்களும் அந்தச் சூட்டைத் தாங்கா; அவற்றுக்குத் தயாரிப்பாளர் சொன்ன முறையே முறை. முடிந்தால் ஆல்ப்ஸுக்கு ஒரு தொகுதி, நம் நாட்டுக்கு ஒரு தொகுதி என்று பிரித்தே வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவிய கயிற்றை மொட்டை மாடி வெயிலில் காயப்போடாதீர்கள். சென்னை வெயிலின் புறஊதாக் கதிர் நைலானை மெல்ல அரித்துவிடும். அறைக்குள் மின்விசிறிக்கு அடியில் தளர்வான வளையங்களாகப் பரப்பி, மூன்று நான்கு நாட்கள் விடுங்கள். காய்ந்ததும் ஒரு நுனியிலிருந்து தொடங்கி, கயிற்றைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் நழுவவிட்டு, தடிப்போ மெலிவோ உறை பிய்ந்த இடமோ தட்டுப்படுகிறதா என்று கடைசி நுனிவரை பாருங்கள். தட்டுப்பட்டால் அந்த இடத்தில் வெட்டிவிட்டு, மிஞ்சிய நீளத்தையும் தேதியையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.